சீப்பு என்றொரு மூத்தார்

ஜூரா என்றால் வாய். கிர்கிஸ் மலைநாட்டில் கொச்கோர் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சந்தையில் கிடாய் வாங்கப் போனால், விற்கிறவன் விலை சொல்வதற்குள் கிடாயின் பல், குளம்பு, அதன் தாய் நடந்துகொண்ட லட்சணம் எல்லாவற்றையும் எடுத்துப் பேசி முடித்திருப்பாள். கடைசியில் அவனே விலையைக் குறைத்து, என்னை விட்டால் போதும் என்று கயிற்றை அவள் கையில் திணித்துவிடுவான். பெண் கேட்கப் போக வேண்டுமா, எல்லைத் தகராறைத் தீர்க்க வேண்டுமா, பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சண்டை போட வேண்டுமா, கூப்பிடு ஜூராவை. மாமனார் போரூபாய் வகையறாவில் நாலு வீட்டுக்கும் அவள்தான் நாக்கு.

முறைப்படி பார்த்தால் அந்த இடம் அவளுடையது இல்லை. அவளைவிட மூத்த மருமகள் உல்கானுக்குச் சேர வேண்டியது. ஆனால் உல்கான் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அதற்குள் இளையவள் ஜூரா பேசி, சிரிக்க வைத்து, காரியத்தை முடித்து, தேநீரும் குடித்திருப்பாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்த ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் ஆகாது. ஜூரா எண்ணெயில் சுடும் போர்சோக் ரொட்டியைக் குதிரைக்கு லாடமாக அடிக்கலாம் என்று உல்கான் சொல்லி வைத்தாள். உல்கான் வாயைத் திறப்பதற்குள் பனி உருகிவிடும் என்று ஜூரா சொல்லி வைத்தாள். இரண்டும் ஊரில் நன்றாகவே ஓடின.

இத்தனை பெரிய வாய்க்கும் ஒரு பூட்டு இருந்தது. மாமனார், மூத்தார், புருஷன் இவர்கள் பெயரை எங்கள் பக்கத்து மருமகள் சொல்லக் கூடாது. பெயர் மட்டுமா, பெயருக்குள் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. மாமனார் போரூபாய்; போரூ என்றால் ஓநாய். ஆகவே ஆட்டை ஓநாய் தூக்கிப் போனால்கூட ஜூரா, "ஐயோ, ஊளையிடுறது வந்துருச்சு" என்றுதான் கத்த வேண்டும். ஒரு மூத்தார் உல்கானின் புருஷன், பெயர் தாஷ்தான். அதனால் கல் போயிற்று. இன்னொரு மூத்தார் பால்தா, கோடரி போயிற்று. மாமனாரின் தம்பி ஜோல்சு, பாதையும் போயிற்று. புருஷன் பெயர் சகின். அதில் ஏக்கம் இருக்கிறது. அதனால் இத்தனை வருஷத்தில் ஜூரா யாருக்காகவும் ஏங்கியதாகச் சொன்னதே இல்லை. ஏங்கவில்லை என்று அர்த்தமில்லை; சொன்னதில்லை, அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் பால் கறந்துகொண்டிருந்தபோது அவள் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. வாளி கவிழ்ந்தது. திட்ட வாயைத் திறந்தாள், வாயும் கேட்கவில்லை. மகன் எர்மெக் காரில் போட்டு பிஷ்கெக்குக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். மூளையில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது, பிழைத்துக்கொண்டார், அதிர்ஷ்டம் என்றார்கள். ஒரு வாரத்தில் கை திரும்பியது. பேச்சும் திரும்பியது. டாக்டர் ரஷ்ய மொழியில் எப்படி இருக்கிறது என்று கேட்டால் இவள் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று தலையாட்டினாள். டாக்டருக்குத் திருப்தி, மகனுக்கும் திருப்தி.

ஆனால் ஜூராவுக்குத் தெரியும். பேசிக்கொண்டே போகும்போது திடீரென்று ஒரு வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுமே, அதுபோல மனசு அந்த இடத்தைத் தடவிவிட்டுத் திரும்பும். பெரிய பெரிய பேச்செல்லாம் வரும். வீட்டில் உருளுகிற சாமான்களின் பெயர் வராது. அவள் இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. காரணம் இருந்தது. எர்மெக்குக்கு ஜும்கலில் பெண் பேசி வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் கம்மல் போடப் போக வேண்டும். மாப்பிள்ளையின் தாய்தான் பெண்ணின் காதில் கம்மலை மாட்டி, சபையில் பேச வேண்டும். ஜும்கல்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பேச்சிலேயே ஆளை எடை போடுவார்கள். அங்கே போய் நடுவில் வார்த்தை கிடைக்காமல் நின்றால், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அன்றைக்கே பரவிவிடும். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உல்கான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மிச்சத்தை நான் பேசுகிறேன் என்பாள். அதைக் கேட்பதற்குப் பதில் வாளியோடு அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று ஜூரா நினைத்தாள்.

இந்த நிலைமையில்தான் சாய்கல் வந்து சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் பேச்சுப் பயிற்சி படிக்கும் கடைசி வருஷப் பெண், பட்டணத்து அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவள், ரஷ்ய வாடை அடிக்கும் கிர்கிஸ் பேசுகிறவள். மூளை அடைப்பு வந்தவர்களுக்கு எந்தெந்த வார்த்தை தொலைகிறது என்று அவள் ஆராய்ச்சி செய்கிறாளாம். இருக்கிற பரீட்சையெல்லாம் ரஷ்யர்களுக்காக ரஷ்ய மொழியில் செய்தது. நம் ஜனங்களுக்கு நம் மொழியிலேயே ஒன்று வேண்டும் என்று அவளே அட்டைகளில் படம் வரைந்து எடுத்து வந்திருந்தாள். நல்ல எண்ணம்தான். படம்தான் சகிக்கவில்லை. அவள் வரைந்த ஓநாயைப் பார்த்தால் ஆட்டுக்குட்டி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த ஓநாயைத்தான் முதலில் நீட்டினாள். "இது என்ன, எஜே?" என்று மரியாதையாக அக்கா போட்டுக் கேட்டாள்.

"ஊளையிடுறது," என்றாள் ஜூரா.

சாய்கல் தாளில் ஏதோ குறித்தாள். அடுத்து கல். கெட்டியானது என்றாள் ஜூரா. கோடரிக்கு விறகு பிளக்கிறது என்றாள். பாதைக்கு நாம நடந்து போறது என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் பெண்ணின் முகத்தில் துக்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. பெயர் வராமல் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வதுதான் அவள் புத்தகத்தில் படித்த கோளாறுக்கு முதல் அடையாளம்; அது இவ்வளவு சுத்தமாகக் கண் முன்னால் வந்து உட்காரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஜூராவின் கையைத் தட்டிக்கொடுத்து, கவலைப்படாதீர்கள், வார்த்தைகள் மெல்ல மெல்லத் திரும்பி வரும் என்றாள்.

ஜூராவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எனக்கா வார்த்தை வரல? ஏண்டி, உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலியா? நாளைக்கு உன்னை எவன் வீட்டுக்கு அனுப்புவா? எங்க மாமனார் பேரை என் வாயால சொல்லச் சொல்றியே, நல்லா இருக்கா இது?"

ஒரு நிமிஷம் கழித்துத்தான் சாய்கலுக்கு உறைத்தது. காது வரைக்கும் சிவந்துபோனாள். தன் அம்மாவே ஒரு மாமாவைப் பெயர் சொல்லாமல் நெட்டை என்று கூப்பிடுவது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நான்கு குறிப்பையும் அடித்தாள். ஜூரா பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். ஜெயித்த சுகம் அவளுக்கு. அடுத்த அட்டை வந்தது.

சீப்பு.

காலையில்தான் அதை வைத்துத் தலை வாரினாள். மேஜையில், அவள் கைக்கெட்டும் தூரத்தில் அது கிடக்கிறது. யார் வாங்கிக் கொடுத்தது, எந்தப் பல் உடைந்தது எல்லாம் தெரிகிறது. பெயர் இல்லை. பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். அந்தப் பேனா கீழே இறங்கினால் டாக்டருக்குப் போகும், டாக்டரிடமிருந்து எர்மெக்குக்குப் போகும், எர்மெக்கிடமிருந்து ஊருக்கு.

"அதுவும் ஆகாது," என்றாள். "எங்க மூத்தார் பேரு."

"சீப்புன்னா பேரு?"

"அவங்கம்மா வச்ச பேரு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

சாய்கல் மரியாதையாக அதையும் அடித்துவிட்டாள். ஜூராவின் அடிமனசில் பழைய சந்தைச் சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. இவ்வளவு சுலபமா? இத்தனை வருஷம் தன் வாயைக் கட்டிப்போட்ட ஆண்பிள்ளைகள் முதல் தடவையாக அவளுக்கு உபகாரம் செய்தார்கள்.

அப்புறம் போரூபாய் வீட்டில் ஆண்கள் பெருகிய வேகம் இருக்கிறதே, அப்படி ஒரு பெருக்கத்தை அந்தப் பள்ளத்தாக்கு கண்டதில்லை. ஏணி என்று ஒருவர் பிறந்தார். பூட்டு என்று ஒருவர். குடை என்பவர் வினோதமானவர். ஒருநாள் இருப்பார், ஒருநாள் இருக்க மாட்டார். நேற்று நீங்களே குடை என்று சொன்னீர்களே என்று சாய்கல் கேட்டதற்கு, நேற்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவர் ஆவி என்னை மன்னிக்கட்டும் என்று ஜூரா முகத்தை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டாள். ஒரு தடவை அவசரத்தில் விமானத்தையும் மூத்தாராக்கிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

சாய்கலோ ஆனந்தத்தில் மிதந்தாள். அவள் பேராசிரியை இதைக் கேட்டுவிட்டு ஆராய்ச்சியின் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார். மருமகள்கள் பெயர் விலக்குவதைத் தெரிந்துகொள்ளாமல் பரீட்சை வைத்தால் நல்ல மூளையையும் கெட்டுப்போனது என்று எழுதிவிடுவோம், இது முக்கியமான கண்டுபிடிப்பு என்றாராம். மாணவர் மாநாட்டில் படிக்கப் போகிறாளாம். நோயாளியின் பெயரைப் போட மாட்டோம், ஜூ என்று மட்டும் போடுவோம் என்றாள். ஏன் போடக் கூடாது, முழுசாகவே போடு என்று சொல்லிவிட்டாள் ஜூரா. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. தினமும் வந்து உட்கார்ந்து, ஊர்க் கதையெல்லாம் கேட்டு, சிரித்து, போகும்போது ஆப்பிள் வைத்துவிட்டுப் போகிறது. இந்தக் குழந்தையை ஏமாற்றுகிறோமே என்று சில சமயம் மனசு உறுத்தும். உடனே ஜும்கல் ஞாபகம் வரும்; உறுத்தலை ஓரம் தள்ளிவிடுவாள். காலையில் தலை வாரும்போது அந்தச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு முறைப்பாள். அது வாயைத் திறக்காது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பேராசிரியை ஒரு வார்த்தை சொல்லும் வரை. ஒரே ஒருத்தியின் வாய்ச்சொல்லை வைத்து எழுதினால் சபையில் கேள்வி வரும், அதே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இன்னொருத்தியைக் கேட்டு உறுதி செய்துகொள் என்றாராம். சாய்கல் சந்தோஷமாக வந்து சொன்னாள். சனிக்கிழமை உங்கள் ஓரகத்தி பார்க்க வருகிறார் என்று எர்மெக் சொன்னாரே, அவருக்கும் அதே மாமனார் வீடுதானே, அவரிடமே கேட்டுவிடலாமா?

அந்தப் பெண் போனதும் ஜூரா போனை எடுத்து உல்கானை அழைத்தாள். கணவாயில் பனி, வராதே என்றாள். பனி இல்லையே என்றாள் உல்கான். இங்கே எல்லோருக்கும் சளிக்காய்ச்சல், ஒட்டிக்கொள்ளும் என்றாள். பரவாயில்லை என்றாள் உல்கான். ஜூராவுக்குப் பொறுமை போய்த் திட்ட ஆரம்பித்து, பாதியில் போனை வைத்துவிட்டாள். வராதே என்று சொன்னால் உல்கான் நிச்சயம் வருவாள் என்பது அதற்கு அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இவ்வளவு வருஷம் பழகியும் இந்தச் சின்ன விஷயத்தில் கோட்டை விட்டாளே.

உல்கான் வந்தாள். வெள்ளைத் தலைக்கட்டு, ஒரு கையில் குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டை மூட்டை, இன்னொரு கையில் தானே சுட்ட போர்சோக். உன் கையால் சுட்டதைத் தின்று பல் போனால் இங்கே வேறு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்தேன் என்றாள். சாய்கல் ஏற்கெனவே அட்டைகளோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் உல்கானுக்கு எடுத்துச் சொன்னாள்: ஜூரா எஜே எத்தனை அழகாக முறை காக்கிறார், எத்தனை மூத்தார்கள் பெயர், அதை உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான். உல்கான் தன் வழக்கப்படி எல்லாவற்றையும் மெதுவாகக் கேட்டுக்கொண்டாள்.

ஓநாய் வந்தது. உல்கான் வாயைப் பொத்திக்கொண்டு, ஆட்டைத் தூக்குறது என்றாள். கல் வந்தது. தன் சொந்தப் புருஷனின் பெயரை அட்டையில் பார்த்த வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாய்கல் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.

சீப்பு.

உல்கான் அட்டையைப் பார்த்தாள். பிறகு ஜூராவைப் பார்த்தாள். ஜூரா போர்வையின் நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் உல்கான் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்காகத்தான், இனி பள்ளத்தாக்கு முழுக்கச் சிரிக்கும், கம்மல் டப்பாவை இவள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார வேண்டியதுதான். உல்கான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலைக்கட்டின் நுனியில் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இதை நான் எப்படிம்மா சொல்லுவேன்?" என்றாள். "எங்க மூத்தார் பேராச்சே."

ஜூராவின் கை நின்றுவிட்டது.

ஏணி வந்தது. அவர் சின்ன வயசிலேயே போய்விட்டார், குதிரை உதைத்துவிட்டது என்றாள் உல்கான். பூட்டு வந்தது. நல்ல மனுஷன், ஆனால் கை இறுக்கம் என்றாள். குடை வந்தபோது லேசாகப் பெருமூச்சு விட்டு, குடித்துக் குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்றாள். மெதுவாகப் பேசுகிற உல்கான், யோசித்து யோசித்துப் பேசுகிற உல்கான், ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. சாய்கலின் பேனா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிக்கொண்டு வந்தது. கடைசியில் அவள் விமானத்தை எடுத்து நீட்டினாள்.

"எஜே, உங்க மூத்தார் பொறந்தப்போ உங்க ஊர்க்காரங்க இதைப் பார்த்திருப்பாங்களா?"

"மாமியாருக்கு வலி எடுத்தப்போ மேல ஒண்ணு போச்சாம். நம்மாளுங்க பேரு வைக்கிறது உனக்குத் தெரியாதா? கண்ணுல எது பட்டுதோ அதுதான்."

சாய்கல் பேனாவை மூடி வைத்தாள். அவள் முட்டாள் இல்லை. சிரிப்பு வந்தது, கூடவே அவள் மாநாடும் தலைப்பும் பேராசிரியையின் பாராட்டும் கண் முன்னால் சரிந்துகொண்டிருந்தன. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். உல்கான் ஒன்றும் நடக்காதது மாதிரி போர்சோக் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்து, சாப்பிடு, மெலிஞ்சு போயிருக்கே என்றாள்.

ஜூராவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு கிடாய் விலையில்கூட ஏமாற்றத் தெரியாதவள் இந்த உல்கான். பொய் சொன்னால் திக்குவாள் என்று ஊரெல்லாம் தெரியும். இவள் இப்படி உட்கார்ந்து பிறக்காதவனுக்கெல்லாம் குணம் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, எதற்கு?

"போதும் நிறுத்து," என்றாள் ஜூரா. "கண்ணு, அந்த மாதிரி ஒருத்தரும் கிடையாது. நாலு பேருதான். மிச்சமெல்லாம் நான் சொன்ன பொய். எனக்கு... அந்த வார்த்தையெல்லாம் வரல. தேடித் தேடிப் பாக்குறேன், கிடைக்கல."

சொல்லிவிட்டு அவள் உல்கானைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள் உல்கான்.

"எப்படித் தெரியும்?"

"போன்ல என்னைக் கழுதைன்னு திட்ட வந்தே. 'க'வுலயே நின்னு, நின்னு, அப்புறம் காது நீளமானவளேன்னு சொல்லிட்டு வச்சுட்டே. நம்ம வீட்டுல கழுதைன்னு யாருடி இருக்கா? அன்னிக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்கல. நீ திட்டலேன்னா நான் அந்த ஊர்ல யார்கூட இருப்பேன்?"

ஜூரா அழுதாள். வெட்கம் இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். உல்கானும் அழுதாள், ஆனால் மெதுவாக. சாய்கல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வாயில் இருந்த போர்சோக்கை விழுங்கிவிட்டு வந்தாள். வந்தவள் தாள்களை ஒதுக்கி வைத்தாள். தொலைந்தது கொஞ்சம் வார்த்தைதான், பயிற்சி செய்தால் பெரும்பாலும் வரும், ஆனால் ஒளித்து வைத்தால் வராது என்றாள். டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும், பயம் வேண்டாம், கம்மல் போடும் தேதியைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னாள். உன் படிப்பு என்னாகும் என்று ஜூரா கேட்டதற்கு, தலைப்பை மறுபடி மாற்றுவேன், ஆனால் இந்தக் கதையை எழுதாமல் விட மாட்டேன் என்றாள்.

ஜும்கலில் பேச்சு உன்னுடையதுதான், எங்கேயாவது நின்றுபோனால் நான் எடுத்துக்கொள்கிறேன், நீ ஏதோ மரியாதைக்கு நிறுத்தியதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள் என்றாள் உல்கான். ஜூரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தேகமாகப் பார்த்தாள். அதற்குப் பதிலாக உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். முதலில் இதைச் சொல்லு என்று உல்கான் அட்டையை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

சீப்பு. ஜூரா அதைப் பார்த்தாள். உதடு அசைந்தது. முதல் எழுத்து வந்த மாதிரி இருந்தது, போய்விட்டது. தலை வாருறது என்றாள். இல்லை, அது பெயர் இல்லை என்று தானே தலையாட்டிக்கொண்டாள். உதவி செய்யக் கூடாது, அவர்களாக எடுக்கட்டும் என்று சாய்கல் கண்ணால் காட்டினாள். ஜூரா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் உல்கான், எங்கே தன்னை அறியாமல் சொல்லிவிடுவோமோ என்று இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.